நிபந்தனையோடு வந்த பணம்: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியை உள்ளிருந்து பார்த்தபோது

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஓர் ஆய்வகத்தில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சியாளர்) ஆகச் சேர்ந்த பிறகு, ஊரிலிருந்து வந்த அழைப்புகளில் பாதி ஒரே விஷயமாகத்தான் இருந்தன. "ஏம்மா, பையன் பிளஸ் டூ முடிக்கப்போறான். உங்க காலேஜ்ல டொனேஷன் எவ்வளவு கேப்பாங்க?" என்பார் பெரியம்மா. "இங்க அப்படியெல்லாம் கிடையாது பெரியம்மா" என்றால், "பிரைவேட் காலேஜ்னுதானே சொன்னே?" என்று மடக்குவார். பிரைவேட் காலேஜ்தான். அரசு நடத்துவதில்லை, முதலாளி என்று ஒருவரும் இல்லை, லாபத்தைப் பிரித்துக்கொள்ளப் பங்குதாரர்கள் இல்லை. ஓர் அறங்காவலர் குழு நடத்துகிறது. ஆனால் பணம் இல்லாமல் ஒரு செங்கல்கூட அங்கே நகர்ந்ததில்லை.

அங்கே டொனேஷன் வாங்கிக்கொண்டு சீட் கொடுப்பதில்லை. ஆனால் டொனேஷன் கொடுத்தவர்கள் கல்லூரியின் விதிகளையே மாற்றியிருக்கிறார்கள். யாரைச் சேர்ப்பது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது, பேராசிரியருக்குச் சம்பளம் எப்படி என்று அங்கே இன்று நடக்கும் பல விஷயங்களுக்குப் பின்னால் யாரோ ஒருவர் காசோலையோடு சேர்த்து அனுப்பிய நிபந்தனை இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவம் படிக்கவோ, ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சிக்கோ, ஆராய்ச்சிக்கோ போக நினைப்பவர்களுக்கு இந்த வரலாறு வெறும் பொது அறிவு இல்லை. யார் பணம், என்ன நிபந்தனை என்று கேட்கத் தெரிந்தவர்கள் அங்கே கொஞ்சம் நிம்மதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பால்டிமோரின் பெரிய வியாபாரி, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். 1873 டிசம்பரில் இறந்தபோது 70 லட்சம் டாலரை ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மருத்துவமனைக்குமாகப் பிரித்து எழுதிவைத்திருந்தார். அமெரிக்காவில் அதுவரை அவ்வளவு பெரிய நன்கொடை எதுவும் வந்ததில்லை. பல்கலைக்கழகம் 1876இல் தொடங்கியது. மருத்துவமனை 1889 மே மாதம் திறந்தது. இரண்டுக்கும் நடுவில் வரவேண்டிய மருத்துவக் கல்லூரிதான் வரவில்லை. காரணம் சுத்தமான பணப் பிரச்சினை. பல்கலைக்கழகத்தின் பங்கு பெரும்பாலும் பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில்வே பங்குகளாகவே இருந்தது. 1880களின் பின்பாதியில் அந்த ரயில்வே தள்ளாடி, டிவிடெண்ட் கொடுப்பதை நிறுத்திவிட்டது. பெரிய பேராசிரியர்கள் வந்துவிட்டார்கள், மருத்துவமனையில் நோயாளிகள் இருக்கிறார்கள், மாணவர்களைச் சேர்க்கத்தான் காசில்லை.

இந்த இடத்தில் மேரி எலிசபெத் காரெட் வருகிறார். அவருடைய அப்பா ஜான் காரெட், அதே பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில்வேயின் தலைவராக இருந்தவர், ஹாப்கின்ஸ் அறங்காவலர்களில் ஒருவரும்கூட. எந்த ரயில்வே பங்கு கவிழ்த்துவிட்டதோ, அந்த ரயில்வேயில் சேர்ந்த சொத்தின் வாரிசு கைகொடுத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்புத்தான் வரும். காரெட், கேரி தாமஸ், மேரி க்வின், எலிசபெத் கிங் ஆகிய தோழிகள், எல்லோரும் அறங்காவலர் வீட்டுப் பெண்கள், 1890இல் நாடு முழுக்க மகளிர் குழுக்கள் அமைத்து ஒரு லட்சம் டாலர் திரட்டினார்கள். ஒரே நிபந்தனை: ஆண்களைச் சேர்க்கும் அதே விதிகளின்படி பெண்களையும் சேர்க்க வேண்டும். அறங்காவலர்கள் மறுக்கவில்லை. ஐந்து லட்சம் சேர்ந்தால் கல்லூரியைத் திறக்கிறோம் என்றார்கள். அவ்வளவு பணம் எங்கே வரப்போகிறது என்ற தைரியம் சிலருக்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

வந்துவிட்டது. குறைந்த 3,06,977 டாலரையும் தானே தருவதாக 1892 இறுதியில் காரெட் எழுதினார். இந்த முறை நிபந்தனைகள் கூடியிருந்தன. பெண்களுக்குச் சம இடம் என்பதோடு, மருத்துவக் கல்லூரி பட்டப்படிப்புக்குப் பிந்தைய நாலாண்டுப் படிப்பாக இருக்க வேண்டும். சேர வருபவர் இளநிலைப் பட்டம் முடித்திருக்க வேண்டும். அறிவியல் அடிப்படையும், பிரெஞ்சும் ஜெர்மனும் தெரிந்திருக்க வேண்டும். அப்போது அமெரிக்காவில் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள்கூடக் கட்டணம் கட்டி, இரண்டு பருவம் சொற்பொழிவு கேட்டுவிட்டு டாக்டர் ஆகிக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் இந்த உயர்ந்த தகுதிகளை ஒரு லட்சியமாக முதலில் காகிதத்தில் எழுதியவர் நோயியல் பேராசிரியர் வில்லியம் வெல்ச். எழுதிவைத்தது பணத்தோடு சேர்ந்து உண்மையிலேயே திரும்பி வந்தபோது, இப்படிப்பட்ட மாணவர்கள் கிடைப்பார்களா என்று அவரே கலங்கினார். நாம் பேராசிரியர்களாக உள்ளே வந்தது நல்லதாய்ப் போயிற்று, மாணவர்களாக என்றால் நமக்கு இடமே கிடைத்திருக்காது என்று வில்லியம் ஆஸ்லர் அவரிடம் சொன்னதாக ஒரு கதை அங்கே எல்லோரும் சொல்வார்கள்.

1893 அக்டோபரில் 18 பேரோடு கல்லூரி தொடங்கியது. அதில் 3 பேர் பெண்கள். அந்தக் கதவு வழியாகப் பின்னால் வந்தவர்களில் 1900இல் பட்டம் பெற்ற டாரதி ரீடும் ஃபுளோரன்ஸ் சாபினும் உண்டு. ஹாட்ஜ்கின் நோயை நுண்ணோக்கியில் அடையாளம் காட்டும் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்லில் உள்ள ரீட் அவர்தான். சாபின் 1917இல் அந்தக் கல்லூரியின் முதல் முழுப் பேராசிரியை ஆனார். அதே காலகட்டத்தில் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியும் பெண்களைச் சேர்த்தது. ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் 1899இல் அங்கே பட்டம் வாங்கித்தான் வேலூருக்குத் திரும்பினார். சி.எம்.சி.யில் ஒருமுறையாவது கால்வைத்த நமக்கு, அமெரிக்காவில் அந்தக் கதவுகள் திறந்தது தூரத்துச் செய்தி இல்லை.

வெல்ச் நூலகத்தின் பழைய வாசிப்பு அறையில் நான் அடிக்கடி உட்காருவேன். லேபில் சென்ட்ரிஃபியூஜ் இரைச்சல் தாங்காதபோது ஓடிப்போக அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே ஜான் சிங்கர் சார்ஜென்ட் வரைந்த பிரம்மாண்டமான ஓவியம் ஒன்று இருக்கிறது. வெல்ச், ஆஸ்லர், ஹால்ஸ்டெட், கெல்லி என்று கல்லூரியைத் தூக்கி நிறுத்திய நாலு டாக்டர்கள், கறுப்பு அங்கியில், பின்னால் ஆளுயர உலக உருண்டை. விருந்தாளிகள் எல்லோரும் அதன் முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதை வரையச் சொல்லிக் காசு கொடுத்தது மேரி காரெட். அவரையும் அதே சார்ஜென்ட் வரைந்திருக்கிறார், ஆனால் அதன் முன்னால் கூட்டம் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

சரி, பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம். பிளஸ் டூ முடித்த பையன் நேராக அமெரிக்காவில் எம்.டி. (நம்மூர் எம்.பி.பி.எஸ். போல அங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) சேர முடியாததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஹாப்கின்ஸ் பிடித்த பிடி பின்னால் நாட்டு வழக்கமாகவே ஆனது. நாலு வருடம் ஏதாவது ஒரு பட்டம், அதோடு உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்கள், எம்கேட் நுழைவுத் தேர்வு, அப்புறம் நாலு வருட எம்.டி., அதற்குப் பிறகு மூன்றிலிருந்து ஏழு வருடம் ரெசிடென்சி. வெளிநாட்டு மாணவருக்கு இன்னும் இறுக்கம். பல கல்லூரிகள் வெளிநாட்டவரைச் சேர்ப்பதே இல்லை. சேர்க்கும் இடங்களிலும் அமெரிக்காவிலோ கனடாவிலோ சில பாடங்களைப் படித்திருக்க வேண்டும் என்பார்கள், சில கல்லூரிகள் முழுக் கட்டணத்துக்கும் பணம் இருப்பதை முன்கூட்டியே காட்டச் சொல்வார்கள். அதனால் என் சொந்தக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அமெரிக்காவில் டாக்டராக வேண்டும் என்ற ஆசை இருந்தால் இங்கே எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு ரெசிடென்சிக்குப் போகும் வழிதான் பெரும்பாலானவர்களுக்கு நடைமுறை. ப்ரீ-மெட் (எம்.டி.க்கு முந்தைய பட்டப்படிப்பு) படிக்க அனுப்புகிறேன் என்று வீட்டை அடமானம் வைப்பவர்கள், அந்தப் படிப்பு எம்.டி. சீட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். முகவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ரெசிடென்சி என்ற முறையே அந்த ஓவியத்தில் உள்ளவர்களிடமிருந்து வந்ததுதான். ஆஸ்லர் மாணவர்களைச் சொற்பொழிவுக் கூடத்திலிருந்து வார்டுக்கு அழைத்துப் போனார். நோயாளியின் படுக்கையருகே நின்று கேட்டு, தொட்டு, தட்டிப் பார்த்துப் படிக்க வேண்டும் என்றார். நம்மூர் மருத்துவக் கல்லூரிகளில் காலை ரவுண்ட்ஸில் நடுங்கிக்கொண்டு கேஸ் சொல்லும் மாணவர்கள் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஹால்ஸ்டெட் அறுவை சிகிச்சையில் படிப்படியாகப் பொறுப்பு ஏறும் பல வருடப் பயிற்சியை உண்டாக்கினார். பயிற்சி டாக்டர்கள் மருத்துவமனைக்குள்ளேயே தங்குவார்கள், கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டும், இரவு பகல் பார்க்கக் கூடாது. இந்த ஹால்ஸ்டெட் கோக்கெய்னை மயக்க மருந்தாகப் பயன்படுத்தும் சோதனைகளைத் தன் மேலேயே செய்துபார்த்து அதற்கு அடிமையானவர், பிறகு மார்ஃபினுக்கும். தூங்காமல் உழைப்பதுதான் பயிற்சி என்ற எண்ணம் இப்படிப்பட்ட ஒருவரிடமிருந்து கிளம்பி நூறு வருடம் ஓடியது. ரெசிடெண்டுகளின் வேலை நேரம் வாரத்துக்கு 80 மணி என்று நாடு முழுக்க வரம்பு வந்ததே 2003இல்தான். 80 மணி நேரமே வரம்பு என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லேபில் பெட்டியிலிருந்து கையுறையை உருவும்போதெல்லாம் ஹால்ஸ்டெட்டின் இன்னொரு கதை ஞாபகம் வரும். அவருடைய அறுவை அரங்கின் தலைமைச் செவிலி கேரலைன் ஹாம்ப்டனுக்குக் கிருமிநாசினியாகப் பயன்படுத்திய பாதரசக் கரைசலால் கையெல்லாம் புண்ணானது. வேலையை விட்டுவிடுவாரோ என்று பயந்து, 1889-90 குளிர்காலத்தில் குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய கையுறைகள் செய்து வாங்கினார் ஹால்ஸ்டெட். அடுத்து அவரைக் கல்யாணமும் செய்துகொண்டார். நோயாளிக்குத் தொற்று வராமல் இருக்கக் கையுறை என்ற யோசனையே பிறகுதான் வந்தது.

இங்கே எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு வருபவர்களுக்குச் சில நடைமுறைகள். அப்சர்வர்ஷிப் என்றால் பார்க்க மட்டும்தான் அனுமதி, நோயாளியைத் தொட முடியாது. அதற்கே கட்டணம் வாங்கும் இடங்கள் உண்டு. படிப்பு முடியும் முன்பே எலெக்டிவ் என்ற குறுகிய கால மாணவர் பயிற்சிக்கு வந்தால் நேரடியாக வேலை கற்கலாம், பரிந்துரைக் கடிதத்துக்கும் மதிப்பு அதிகம், ஆகவே ஹவுஸ் சர்ஜன் காலம் வரை காத்திருக்காமல் அதற்கு முன்பே திட்டமிடுங்கள். யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் படி 2022 ஜனவரியிலிருந்து தேர்ச்சி, தோல்வி என்று மட்டும்தான் வருகிறது. அதனால் இரண்டாம் படியின் மதிப்பெண்தான் எடைபோடப்படுகிறது. ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் ரெசிடென்சி செய்தால், முடிந்ததும் இரண்டு வருடம் ஊருக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் வேலை பார்க்க ஒப்புக்கொண்டு விலக்கு வாங்க வேண்டும். இதையும் கையெழுத்துப் போடும் முன்பே வீட்டில் பேசிவிடுவது நல்லது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, மனைவி ஒரு மாநிலத்திலும் கணவர் விலக்கு கிடைத்த வேறொரு சிற்றூரிலுமாகப் பல வருடம் ஓட்டினார்கள்.

மறுபடியும் பணத்துக்கு வருவோம். எண்ணெய் அதிபர் ராக்கஃபெல்லரின் தர்ம காரியங்களைக் கவனித்துவந்த ஃபிரெடரிக் கேட்ஸ் 1897 கோடை விடுமுறையில் ஆஸ்லரின் பாடநூலை முழுக்கப் படித்தார். எத்தனை நோய்களுக்கு மருந்தே இல்லை என்பதுதான் அவருக்கு அதில் உறைத்தது. அதிலிருந்து ராக்கஃபெல்லர் பணம் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பாயத் தொடங்கியது. 1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்கா, கனடாவின் 155 மருத்துவக் கல்லூரிகளைப் போய்ப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார். அவர் ஹாப்கின்ஸில் படித்தவர். அவர் கையில் இருந்த அளவுகோலும் ஹாப்கின்ஸ்தான். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கல்லூரிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது. வெறும் பட்டம் விற்கும் கடைகள் போனது நல்லதுதான். ஆனால் அதோடு கறுப்பின மாணவர்களுக்கான ஏழு கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டன, ஹோவர்டும் மெஹாரியும் மட்டும் தப்பின. லேபும் மருத்துவமனையும் முழுநேரப் பேராசிரியர்களும் வேண்டும் என்றால் அதற்குப் பணக்காரர் வேண்டும், ஏழைகளுக்கு யார் காசோலை எழுதுவார்கள்? அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் தன் விருது ஒன்றிலிருந்து ஃபிளெக்ஸ்னர் பெயரை 2020இல் எடுத்துவிட்டது.

1913இல் ராக்கஃபெல்லரின் கல்வி வாரியம் ஹாப்கின்ஸுக்கு 15 லட்சம் டாலர் கொடுத்தபோது வந்த நிபந்தனை: மருத்துவப் பேராசிரியர்கள் முழுநேரச் சம்பளத்துக்கு வர வேண்டும், தனியாக நோயாளி பார்த்து வரும் கட்டணம் அவர்கள் பையில் போகக் கூடாது. அப்போது ஆக்ஸ்ஃபர்டுக்குப் போய்விட்ட ஆஸ்லர் இதை எதிர்த்தார். நோயாளியை மறந்த ஆராய்ச்சியாளர்கள்தான் மிஞ்சுவார்கள் என்பது அவர் பயம். நம்மூரில் அரசு டாக்டர்களின் தனி கிளினிக் பற்றி நடக்கும் சண்டை நூறு வருடத்துக்கு முன் அங்கே நடந்திருக்கிறது. யார் சொன்னது சரி என்று கேட்டால், நான் இரண்டு வகைப் பேராசிரியரையும் பார்த்துவிட்டதால் பாதி பாதி என்றுதான் சொல்வேன். 1916இல் பொதுச் சுகாதாரப் பள்ளியும் ராக்கஃபெல்லர் பணத்தில், வெல்ச் தலைமையில் வந்தது.

நிறுவனரே ஒரு நிபந்தனை எழுதிவிட்டுப் போயிருந்தார். பால், வயது, நிறம் பார்க்காமல் நகரத்து ஏழைகளுக்கு இலவச சிகிச்சை தர வேண்டும் என்று 1873இல் அறங்காவலர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. மருத்துவமனை அதை நிறைவேற்றியது, தனித்தனி வார்டுகளில். கிழக்கு பால்டிமோரின் கறுப்பினக் குடும்பங்களில், இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போனால் டாக்டர்கள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். நிறுவனர் ஹாப்கின்ஸ் அடிமைமுறையை எதிர்த்தவர் என்றே நெடுநாள் சொல்லிவந்தார்கள். 1840, 1850 ஆண்டுகளின் மக்கள்தொகைப் பதிவில் அவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்ததைக் காட்டும் பதிவுகள் கிடைத்திருப்பதாகப் பல்கலைக்கழகமே 2020 டிசம்பரில் அறிவித்தது. மருத்துவக் கல்லூரியிலிருந்து கறுப்பின மாணவர் முதன்முதலில் பட்டம் பெற்றது 1967இல். பெண்களுக்குக் கதவு திறக்கப் பணம் பேசியது. இதற்கு அப்படிப் பேச யாரும் வரவில்லை.

எங்கள் லேபில் நான் முதலில் வளர்த்த செல் ஹீலா. திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து விரல் நீளக் குப்பியை எடுத்து, 37 டிகிரி நீர்த்தொட்டியில் பனி கரையும் வரை ஆட்டி, இளஞ்சிவப்பு ஊடகத்தில் ஊற்றினால் மறுநாள் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு பெருகத் தொடங்கியிருக்கும். அவ்வளவு முரட்டு செல். 1951இல் அதே வளாகத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற 31 வயதுத் தாயிடமிருந்து, அவரிடம் கேட்காமல் எடுத்த திசுவிலிருந்து வந்தது அது. அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த ஜார்ஜ் கை அந்த செல்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பினார். லாக்ஸ் அந்த அக்டோபரிலேயே இறந்துபோனார், குடும்பத்துக்கு விஷயம் தெரிந்தது 1970களில். அந்த செல்களை வைத்துச் சம்பாதித்த ஒரு கம்பெனியோடு வாரிசுகளுக்குச் சமரசம் ஏற்பட்டது 2023இல். மனிதத் திசுவில் வேலை செய்ய வரும் மாணவர்கள் ஒப்புதல் படிவப் பயிற்சியை ஒரு சடங்கு மாதிரி கிளிக் செய்து முடித்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எந்த மாதிரி, யாரிடமிருந்து, எந்த ஒப்புதலின்கீழ் வந்தது என்பதை முதல் வாரமே கேட்டு, லேப் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். பின்னால் கட்டுரை அனுப்பும்போது இதழ்க்காரர்கள் கேட்பார்கள், அப்போது தேட முடியாது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். விவியன் தாமஸ் தச்சு வேலை செய்தவர். பொருளாதாரப் பெருமந்தத்தில் கல்லூரிக் கனவைத் தள்ளிவைத்துவிட்டு, 1930இல் நாஷ்வில்லில் அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக்கின் லேபில் உதவியாளராகச் சேர்ந்தார், கல்லூரிக்கென்று சேர்த்த பணமும் அந்த ஆண்டே வங்கியோடு போய்விட்டது. 1941இல் அவரோடு ஹாப்கின்ஸுக்கு வந்தார். நீலம் பாய்ந்து இறக்கும் குழந்தைகளின் இதயக் கோளாறுக்கு வழி இருக்கும் என்று குழந்தைகள் இதய மருத்துவர் ஹெலன் டாஸிக் யோசனை சொல்ல, நாய்களில் அந்த அறுவை சிகிச்சையைத் திரும்பத் திரும்பச் செய்து முறையை உருவாக்கியவர் தாமஸ். 1944 நவம்பர் 29 அன்று முதல் குழந்தைக்கு அதைச் செய்தபோது, பிளாலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு சின்ன முக்காலியில் ஏறி நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னார். நாஷ்வில்லில் இருந்த வருடங்களில் சம்பளப் பதிவேட்டில் அவர் வேலை துப்புரவுப் பணியாளர் வகையில் இருந்தது. 1971இல் படம் வைத்தார்கள், 1976இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள்.

இதிலிருந்து நான் நடைமுறைக்கு எடுத்துக்கொண்டது எளிமையானது. புதிதாகச் சேரும் இடத்தில் பேராசிரியருக்கு முன்னால் டெக்னீஷியனிடம் போய் உட்காருங்கள். எந்த ஆன்டிபாடி வேலை செய்யும், எந்த மெஷின் மதியத்துக்கு மேல் தகராறு செய்யும், எந்த ஆர்டர் எத்தனை நாளில் வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் தளத்தில் பல வருடம் வேலை பார்த்த ஓர் அம்மா இருந்தார். நான் கைவிட்ட ஒரு வெஸ்டர்ன் பிளாட்டை (புரதத்தைக் கண்டறியும் சோதனை), பஃபரை மட்டும் மாற்றி ஒரே மதியத்தில் தெளிவாக எடுத்துக் கொடுத்தார். அவர் பெயர் கட்டுரையில் வர வேண்டும் என்று பேராசிரியரிடம் கேட்டேன், வந்தது. கேட்டால்தான் வரும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கதையில் பணக்காரர்களின் இடத்தை அரசாங்கம் பிடித்துக்கொண்டது. தேசியச் சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். கொடுக்கும் கிராண்டுகளில்தான், அதாவது ஆராய்ச்சி நிதியில்தான், இந்தக் கல்லூரிகள் இன்றைய அளவுக்கு வீங்கின. 1960இல் மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் முறை, 1978இல் நோபல் வாங்கிய, டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் வேலை, பின்னர் பீட்டர் அக்ரே, கரோல் கிரைடர், கிரெக் செமென்சா என்று நோபல் வரிசை எல்லாம் அந்த வளர்ச்சிக் காலத்துச் சங்கதி. ஆராய்ச்சிச் செலவில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஹாப்கின்ஸ்தான் பல பத்தாண்டுகளாக முதலிடம். பெயர் பிரைவேட், ஏறக்குறைய பாதி ஓடுவது வரிப்பணத்தில் என்று பெரியம்மாவுக்கு விளக்கினேன். "அப்ப கவர்மென்ட் காலேஜ்தானே?" என்றார். விட்டுவிட்டேன்.

போஸ்ட்டாக் போகும் தம்பி தங்கைகளுக்கு இதுதான் முக்கியமான இடம். உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது கல்லூரி இல்லை, பெரும்பாலும் உங்கள் பேராசிரியரின் கிராண்ட். அது நாலைந்து வருடத்துக்குத்தான் கிடைக்கும், புதுப்பிக்கப்படலாம், படாமலும் போகலாம். என் தோழி ஒருத்தி வேறொரு ஊரில், வேறொரு கல்லூரியில் பெரிய பெயரை நம்பிச் சேர்ந்தாள். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கிராண்ட் முடிந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். இதைத் தவிர்க்க ஒரு வழி இலவசமாகவே இருக்கிறது. என்.ஐ.எச். ரிப்போர்ட்டர் என்ற இணையதளத்தில் பேராசிரியரின் பெயரைப் போட்டால் அவர் கையில் என்னென்ன கிராண்ட், எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் முடிகிறது என்று எல்லாம் வந்துவிடும். நேர்காணலுக்கு முன் இதைப் பாருங்கள். பார்த்துவிட்டு, "என் சம்பளம் எந்த கிராண்டிலிருந்து வரும், அது முடியும்போது என்ன திட்டம்?" என்று நேராகவே கேளுங்கள். நமக்கு இது மரியாதைக் குறைவாகத் தோன்றும். அங்கே தோன்றாது. மழுப்புகிறவரிடம் சேர வேண்டாம்.

சம்பளத்துக்கும் ஓர் அளவு இருக்கிறது. என்.ஐ.எச். வருடாவருடம் போஸ்ட்டாக் உதவித்தொகை அட்டவணை வெளியிடும். 2024இல் அனுபவமே இல்லாதவருக்கு 61,008 டாலர். பல இடங்கள் அதைத்தான் அடிமட்டமாக வைக்கின்றன. அதற்குக் கீழே சொன்னால் ஏன் என்று கேட்கலாம். பால்டிமோரில் அந்தத் தொகையில் வாழ முடியும், பாஸ்டனில் அதே தொகைக்கு அறை நண்பர்கள் தேவைப்படும். எங்களில் பலர் சார்ல்ஸ் வில்லேஜ் பக்கம் வாடகைக்கு இருந்துகொண்டு, பல்கலைக்கழகத்தின் இலவச ஷட்டில் பஸ்ஸில் மருத்துவ வளாகத்துக்குப் போய்வந்தோம். கார் வாங்குவதை இது ஓரிரு வருடம் தள்ளிப்போட வைத்தது, அந்தச் சேமிப்பே பெரிது. வளாகத்தைச் சுற்றி மூலைக்கு மூலை காவலர் நிற்பதைப் பார்த்து முதலில் பயப்படுவீர்கள். அந்தத் தெருக்களில் இருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களை 2000களில் மறுசீரமைப்புத் திட்டத்துக்காக வேறிடம் அனுப்பிவிட்டுத்தான் புதிய கட்டடங்கள் வந்தன என்று தெரிந்த பிறகு, அந்த ஊர்க்காரர்கள் நம்மைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் புரியும். மான்யுமென்ட் தெருவில் பழைய சந்தை ஒன்று இருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போய்ப் பழகுங்கள்.

2024 ஜூலையில் தொழிலதிபர் மைக்கேல் புளூம்பெர்க் ஹாப்கின்ஸுக்கு 100 கோடி டாலர் கொடுத்தார். ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்குக் கீழ் வருமானம் உள்ள குடும்பத்து மாணவர்களுக்கு எம்.டி. கட்டணமே கிடையாது, 1,75,000 டாலருக்குக் கீழ் என்றால் தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவும் இல்லை. கடன் வாங்கிப் படிப்பவர்கள் சராசரியாக 2 லட்சம் டாலர் கடனோடு வெளியே வரும் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிய வாரம் மறுபடியும் ஊரிலிருந்து அழைப்புகள். கட்டணம் இலவசம் என்பதால் சீட் எளிதாகிவிடவில்லை, போட்டி கூடத்தான் செய்யும். எந்த உதவித்தொகை அறிவிப்பைப் பார்த்தாலும் முதலில் குடியுரிமை பற்றிய வரி எங்கே இருக்கிறது என்று தேடிப் படித்துவிட்டு அப்புறம் சந்தோஷப்படுங்கள்.

அதற்கு அடுத்த வருடமே மறுபக்கம் தெரிந்தது. 2025 பிப்ரவரியில், கிராண்டோடு சேர்த்துக் கட்டடம், மின்சாரம், நிர்வாகத்துக்கென்று தரும் மேல்செலவுத் தொகையை 15 சதவீதத்துக்குள் அடக்கப்போவதாக என்.ஐ.எச். அறிவித்தது, நீதிமன்றம் தடுத்தது. மார்ச் மாதம், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் தந்துவந்த நிதி 80 கோடி டாலர் நின்றுபோனதால் உலகெங்கும் 2,000க்கும் மேற்பட்ட வேலைகளை ஹாப்கின்ஸ் நீக்கியது. அறங்காவலர்கள் ரயில்வே பங்கை நம்பியிருந்த காலம் போல, இப்போது வாஷிங்டனை நம்பியிருக்கிறார்கள்.

இப்போது யாராவது ஆஃபர் லெட்டரை எனக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டால், சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் 'நிதி கிடைப்பதைப் பொறுத்து' என்ற வரியைத்தான் தேடுகிறேன். எல்லாக் கடிதத்திலும் இருக்கும், அதற்காக மறுக்க வேண்டியதில்லை. வேலை போவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எச்-1பி வேலை விசாவில் இருக்கும்போது வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். ஜே-1இல் திட்டம் ஒழுங்காக முடிந்தால்தான் 30 நாள் கிடைக்கும், நடுவில் நிறுத்தினால் அதுவும் இல்லை. இதற்குள் புது லேபும் வேண்டும், பேப்பர் வேலையும் முடிய வேண்டும். அதனால் கிராண்ட் முடியும் தேதிக்கு ஆறேழு மாதம் முன்பே அடுத்த இடத்துக்கு விண்ணப்பிக்கத் தொடங்கிவிடுங்கள், பேராசிரியரிடம் சொல்லிவிட்டே. நல்லவராக இருந்தால் அவரே இரண்டு பேருக்குத் தொலைபேசியில் சொல்வார்.